மாமாவின் சிலிண்டர்

"இது தேறாதும்மா," என்று சொல்லிவிட்டுச் சோதனைக்காரர் ஈரக் கையைத் துணியில் துடைத்துக்கொண்டார். அவளுக்குச் சுர்ரென்று வந்தது. காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாமல் இந்தக் கொட்டகையில் காத்துக் கிடந்தது இதைக் கேட்கத்தானா?

"நல்லா பாத்தீங்களாண்ணே?"

"ரெண்டு தடவை பாத்தாச்சு. உள்ள தண்ணி ரொப்பி அழுத்தம் குடுத்தா இரும்பு கொஞ்சம் உப்பும். அழுத்தத்தை விட்டதும் சுருங்கிடணும். உப்பினதுல பத்து சதவீதம் தங்கிட்டாலும் போனா போகுதுன்னு விட்டுடுவோம். இதுல பதினாலு தங்கிடுச்சு. காத்து ஏத்தும்போதே வெடிச்சா பக்கத்துல நிக்கிறவன் கதி என்ன ஆகறது?"

பேசிக்கொண்டே உளியை எடுத்து சிலிண்டரின் கழுத்தில் இருந்த பழைய சோதனை முத்திரைகளின் மேல் குறுக்குக் கோடு போட்டார். ஒவ்வொரு அடிக்கும் அவள் கண்ணை மூடித் திறந்தாள்.

மாமனார் இந்தக் காற்று சிலிண்டரை முதுகில் கட்டிக்கொண்டு கடலில் முங்கி, கப்பலின் அடியில் ஒட்டியிருக்கும் சிப்பியைச் சுரண்டியே குடும்பத்தைக் கரையேற்றியவர். இப்போது நுரையீரல் கைவிட்டுவிட்டது. இன்றைக்கோ நாளைக்கோ என்று டாக்டர் சொல்லிவிட்டார். சாகக் கிடக்கிறவர்கள் சாமியைக் கேட்பார்கள், பிள்ளையைக் கேட்பார்கள். இந்த மனுஷன் நேற்றிலிருந்து கேட்பதெல்லாம் "சிலிண்டர் பாஸாச்சா?" ஒன்றுதான். சோதிக்காததை மகன் முதுகில் ஏற்ற மாட்டாராம். அந்த மகனோ அப்பாவுக்கு மேல். துறைமுகத்திலிருந்து போன் போட்டு, "அப்பா சிலிண்டர் ராசியானது, வந்ததும் அதைக் கட்டிக்கிட்டுத்தான் இறங்குவேன்" என்று ஒற்றைக் காலில் நின்றான். இரண்டு பேருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு முழிப்பது அவள்.

"காயலான் கடைக்குப் போட்டுடவா?"

"வேணாண்ணே. மாமா கேப்பாரு."

"அப்போ உன் வீட்டுக்காரர்கிட்ட கண்டிப்பா சொல்லிடு. முத்திரையை அரத்தால ராவி எடுத்துட்டு, தெரிஞ்சவன்கிட்ட காத்து ஏத்திக்கிறவனுங்க இருக்கானுங்க."

இருக்கிறான்கள்தான். அதில் ஒருவனுக்கு அவள் கழுத்தை நீட்டியிருக்கிறாள்.

ஆட்டோக்காரர் சிலிண்டரை ஏற்றிவிட்டு, "என்னக்கா, கேஸா?" என்றார். "காலிப்பா," என்றாள். வழியெல்லாம் அது உருளாமல் காலால் முட்டுக் கொடுத்துக்கொண்டே வந்ததில் முட்டி விட்டுப்போயிற்று.

வீட்டில் மாமாவுக்குத் துணையாக உட்கார்ந்திருந்த பக்கத்து வீட்டு அக்கா எழுந்துகொண்டாள். "நல்ல வேளை வந்துட்டே. கண்ணை வாசல்லயே வச்சிருக்காரு. அடுப்புல பால் வச்சிருக்கேன், பாத்துட்டு வரேன்."

அவள் கட்டிலருகே குனிந்தாள். மாமா உதட்டை அசைத்தார்.

"பாஸா?"

"பாஸு மாமா."

சொல்லும்போதே வாய் கூசியது. அத்தோடு கண்ணை மூடிக்கொள்வார் என்று நினைத்தாள். மனுஷன் விடவில்லை.

"எவ்வளவு... தங்குச்சு?"

இதை அவள் யோசித்திருக்கவில்லை. பொய் சொல்வதென்று ஆன பிறகு அதில் என்ன கஞ்சத்தனம்?

"ஒண்ணுமே தங்கல மாமா. சுத்தமா பூஜ்யம்."

அவர் அவளையே பார்த்தார். சிரிப்பு மாதிரி ஒன்று கிளம்பி இருமலாக முடிந்தது. அவள் நெஞ்சை நீவிவிட்டாள்.

"புது சிலிண்டரே... அப்படி வராதும்மாடி."

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. தலையைக் குனிந்துகொண்டு போர்வையைச் சரிசெய்தாள். ஏற்கெனவே சரியாகத்தான் இருந்தது.

"பரவால்ல," என்றார். மூச்சைச் சேர்த்துக்கொள்ள வெகுநேரம் பிடித்தது. "எங்கிட்ட சொன்ன மாதிரி... அவன்கிட்ட சொல்லிடாத. இறங்கிடுவான்."

"சொல்ல மாட்டேன் மாமா. சத்தியமா சொல்ல மாட்டேன்."

தண்ணீர் என்று சைகை காட்டினார். ஒரு ஸ்பூன் கொடுத்தாள். பாதி உள்ளே போயிற்று, பாதி தாடையில் வழிந்தது. முந்தானையால் துடைத்தாள். அடுத்த ஸ்பூனை எடுத்துக்கொண்டு திரும்பியபோது வாய் திறந்தபடியே இருந்தது. கூப்பிட்டாள். மறுபடியும் கூப்பிட்டாள்.

பக்கத்து வீட்டு அக்கா பாலை இறக்கி வைத்துவிட்டு வந்து பார்க்கும்போது, அவள் ஸ்பூனில் இருந்த தண்ணீர் சிந்தாமல் நின்றுகொண்டிருந்தாள்.