மீசைக்காரரைத் தேடியவர்

ஒரே மரத்தில் கூடு கட்டிய இரண்டு பறவைகளும் காட்டை ஒரே விதமாக அறிந்திருக்க வேண்டியதில்லை. மராத்திய நகரம் ஒன்றின் புறநகரான நிக்டியில் குடியிருந்த பத்ரிநாத்துக்கு இது புரியப் பல ஆண்டுகளாயின.

கண்ணை மூடினால் அவனுக்கு எல்லாம் படமாகத் தெரியும். அவன் மனைவி ரோஹிணிக்கோ வெறும் இருட்டுதான். "நான் வெளியூர்ல இருந்தப்போ என் முகம்கூட உனக்கு மனசுல வரலையா?" என்று மணமான புதிதில் அவன் கேட்டபோது, அவள் உண்மையைச் சொல்லிவிட்டாள். அந்த வருத்தம் அவனுக்கு ஆறவே இல்லை.

தொண்ணூற்றெட்டில், பிள்ளையார் கரைக்கும் ஊர்வலம் பார்க்க நகரின் நடுவிலுள்ள லட்சுமி ரோட்டுக்குப் போன இடத்தில், பத்ரியின் அப்பா அனந்தராமன் கூட்டத்தில் காணாமற்போனார். அவருக்குக் காதும் மந்தம்.

போலீஸ் பந்தலில் இருந்த தொண்டர் அடையாளம் கேட்டார். ரோஹிணி வாய் திறந்தாள்.

"நீ சும்மா இரு. உனக்குத்தான் ஒண்ணும் தெரியாதே!" என்று பத்ரி கண்ணை மூடினான். அப்பா தெளிவாக நின்றார்: அடர்ந்த மீசை, வெள்ளை வேட்டி, தங்க விளிம்புக் கண்ணாடி. அப்படியே சொன்னான். மேளச் சத்தத்தில் பெயர் அமுங்கி, மீசை மட்டுமே ஒலிபெருக்கியில் ஓங்கிக் கேட்டது. நேரம் போயிற்று, யாரும் வரவில்லை.

"ஏன்னா, மாமா மீசையை எடுத்து ரெண்டு மாசமாச்சே," என்றாள் ரோஹிணி.

"யார் சொன்னா?"

"நானேதான் சொல்லிண்டேன், உள்ளுக்குள்ள. 'மீசை இல்லாம மாமா சின்னவரா ஆயிட்டார்'னு. இன்னிக்குக் கிளம்பறச்சே, 'கண் ஆபரேஷன் கறுப்புக் கண்ணாடி, இவரோட பழைய பிரவுன் ஸ்வெட்டர், அதையும் உள்பக்கம் வெளியில வர்ற மாதிரி போட்டுண்டிருக்காரே'ன்னேன். வார்த்தை வார்த்தையா அப்படியே இருக்கு."

பத்ரி திகைத்தான். அவனுக்குள் யாரும் பேசியதே இல்லை. அவன் கண்ட படமோ பழைய அப்பாவுடையது.

"நீயே சொல்லும்மா," என்று விலகி நின்றான்.

மறு அறிவிப்புக்குப் பிறகு, கறுப்புக் கண்ணாடியோடு அனந்தராமனை இரண்டு தொண்டர்கள் அழைத்து வந்தார்கள்.

"எங்கடா போயிட்டேள்? யாரோ மீசைக்காரக் கிழவனைக் காணுமாம். பாவம், இந்தப் பசங்களோட நானும்னா தேடிண்டிருக்கேன்!" என்றார் அவர்.

நிக்டி பஸ்ஸில் பத்ரி தயங்கித் தயங்கிக் கேட்டான்: "நான் வெளியூர் போனப்போ, என்னைப் பத்தி உள்ளுக்குள்ள ஏதாவது பேசிண்டியா?"

"ஓயாம."

"என்னன்னு?"

"பாதி திட்டுதான்."

"பரவாயில்லை, அதையும் சேர்த்தே சொல்லு," என்று அவன் அவள் பக்கம் திரும்பி உட்கார்ந்தான்.