சாட்சிக் கையெழுத்து

மருந்துக்கடைக்கு மேல்மாடியில் இருந்த ஒற்றை அறைதான் அவளுடைய அலுவலகம். வீடு விற்கவோ வாங்கவோ யார் வந்தாலும், முதல் காரியமாகக் கமிஷனைப் பேசி முடித்துவிடுவாள். விற்பவர் இரண்டு சதவீதம், வாங்குபவர் இரண்டு சதவீதம். பேரம் பேசினால் முகம் சுளிக்க மாட்டாள், கொஞ்சம் இறங்கியும் வருவாள். ஆனால் அந்தப் பேச்சு முடியாமல் எந்த வீட்டுச் சாவியையும் கையில் வாங்க மாட்டாள். வேலை ஆகும்வரை தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுகிறவர்கள், ஆன பிறகு கதவைத் திறந்து காட்டியதற்கா இவ்வளவு என்று கேட்பதை நிறையப் பார்த்திருந்தாள்.

நாத்தனார் வீட்டை விற்க வந்தபோதும் அப்படித்தான் பேச்சை ஆரம்பித்தாள். நாத்தனாருக்கு முகம் தொங்கிப்போயிற்று. தங்கையோடு வந்து உட்கார்ந்திருந்த கணவன்தான் நடுவில் புகுந்தான். அவ என்ன வெளியாளா, கொஞ்சம் பார்த்துச் செய் என்றான். அவள் ஒரு சதவீதத்துக்கு இறங்கினாள். அதற்கும் நாத்தனார் இழுக்கவே, "அண்ணியோட பொழைப்பு இது. இதுக்கு மேல கேக்காதே" என்று தங்கையை அடக்கினான். கல்யாணம் ஆன நாளாக அவள் தொழிலைப் பொழுதுபோக்கு என்றே சொல்லிவந்தவன் தனக்காகப் பேசியதில் அவளுக்கு உள்ளூரக் குளிர்ந்துவிட்டது.

அந்த வீடு லேசில் போகிற வீடு இல்லை. பின்சுவர் ஓதம் பூத்து, சமையலறைக் கதவு இற்றுக் கிடந்தது. பெயிண்டரையும் தச்சரையும் அவளே அழைத்துவந்து மேற்பார்த்தாள். வேடிக்கை பார்க்க வருகிறவர்களை வடிகட்டி அனுப்பினாள். கடைசியில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்த தம்பதியைப் பிடித்தாள். அந்த அம்மாளுக்கு வீடு இருட்டாகத் தெரிந்தது. காலை வெயில் முன்னறைக்குள் விழுகிற நேரமாகப் பார்த்து மறுபடி அழைத்துப்போய்க் காட்டினாள். அங்கேயே நின்று விலை படிந்தது.

அடுத்த வாரமே நாத்தனார் போன் செய்து, தன் வீட்டுக்காரர் மனசு மாறிவிட்டார், இப்போதைக்கு விற்கவில்லை என்றாள். கண்ணாடிக்கடைக்காரர்களிடம் இதை எந்த முகத்தோடு சொல்வது என்று அவள் தவித்தாள்.

"நீ ஏன் சங்கடப்படறே? நம்பரைக் குடு. என் தங்கச்சி பண்ணினதுக்கு நானே மன்னிப்பு கேட்டுக்கறேன்" என்றான் கணவன்.

கொடுத்தாள்.

வேறொரு குடும்பத்தின் பத்திரப்பதிவுக்காக அவள் பதிவாளர் அலுவலகம் போனபோது மழைக்காலம் வந்துவிட்டிருந்தது. கூடத்து பெஞ்சில் நாத்தனாரும் கண்ணாடிக்கடைத் தம்பதியும் உட்கார்ந்திருந்தார்கள். மேசையோரம் குனிந்து ஒருவன் சாட்சிக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தான். அந்தச் சட்டையைக் காலையில் அவள்தான் இஸ்திரி போட்டுக் கொடுத்திருந்தாள். ஆபீசில் ஸ்டாக் எடுக்கிறார்கள், வர நேரமாகும் என்று சொல்லிவிட்டுக் கிளம்பியிருந்தான்.

அவளோடு வந்தவர்களோ அவளை நம்பி வந்தவர்கள். அவர்களை உட்கார வைத்து, எங்கே கைரேகை, எங்கே போட்டோ என்று காட்டி, சிரித்த முகத்தோடு வேலையை முடித்துக் கொடுத்தாள்.

வெளியே வந்ததும் கண்ணாடிக்கடை அம்மாள்தான் தானாக வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"உங்களுக்குத்தான் நன்றி சொல்லணும். சொந்தத்துல கமிஷன் வாங்க உங்களுக்கு மனசில்ல, நீங்களே ஒதுங்கிட்டீங்க, நேராவே முடிச்சுக்கலாம்னு உங்க வீட்டுக்காரர் போன் பண்ணினார். யாருக்கு வரும் அந்த மனசு?"

நாத்தனார் அவசரமாக நடுவில் வந்தாள். "தப்பா எடுத்துக்காதீங்க அண்ணி. குடும்பத்துக்குள்ள என்ன கமிஷன்?"

"இதை அன்னைக்கே சொல்லியிருந்தா, சும்மாவே பண்ணிக் குடுத்திருப்பேனே" என்றாள் அவள்.

நாத்தனார் அண்ணன் முகத்தைப் பார்த்தாள். அவன் படியில் வழிந்த மழைத்தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

வீட்டில் அவன் முதலில் மழுப்பினான். பிறகு எரிந்து விழுந்தான்.

"ஒரு கமிஷன் போனா நீ ஒண்ணும் குறைஞ்சுட மாட்டே. எனக்கு இருக்கறது ஒரே தங்கச்சி."

"கமிஷன் போகட்டும். நானே ஒதுங்கிட்டேன்னு சொன்னீங்களே, அதுக்கு என்ன சொல்றீங்க? அவங்ககிட்ட போய் உண்மையைச் சொல்லிட்டு வாங்க."

பார்க்கலாம் என்றான். நாள் கடந்துகொண்டே போனது, அவன் போகவில்லை. கடைசியில் அவளே கண்ணாடிக் கடைக்குப் போய் நடந்ததைச் சொன்னாள். யாரையும் திட்டவில்லை. கடைக்காரர் துடைத்துக்கொண்டிருந்த லென்ஸைக் கீழே வைத்தார். பிறகு உள்ளே போய், தங்கள் பக்கத்துக் கமிஷனை எடுத்துவந்து நீட்டினார். அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை. அது அவள் உழைத்த கூலி. நாத்தனார் பக்கத்திலிருந்து எதுவும் வரவில்லை. அவளும் கேட்கப் போகவில்லை.

அதற்குப் பிறகும் வீட்டில் அடுப்பு எரிந்தது, நல்லது கெட்டதுக்கு இருவரும் சேர்ந்துதான் போனார்கள். எந்த வீடு முடிந்தது, யார் எவ்வளவு இறங்கினார்கள் என்று ராத்திரி சாப்பாட்டின்போது வாய் ஓயாமல் சொல்கிறவள், அந்தப் பேச்சை மட்டும் அடியோடு விட்டுவிட்டாள். தெருக்கோடி வீட்டை அவள் விற்றுக் கொடுத்த சேதியே முடிதிருத்துகிறவர் சொல்லித்தான் அவனுக்குத் தெரியவந்தது. என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே என்று கேட்டான். அவள் குழம்புப் பாத்திரத்தை அவன் பக்கம் நகர்த்தி வைத்தாள்.