நடந்து வந்து ஏறுங்க

"தூக்கிட்டுப் போய் ஏத்துற கப்பல்ல நான் வரமாட்டேன். நீங்களே நடந்து வந்து ஏறுங்க. நானும் வரேன்."

சீதாலெட்சுமி அதைச் சொன்னபோது அவள் கையில், கணக்கெழுதும் கிராணி வீட்டிலிருந்து கூலிக்குத் துவைக்க வாங்கிவந்த அழுக்குத் துணிமூட்டை இருந்தது. பலகைக் கட்டிலில் கிடந்த அவள் புருஷன் சபாபதி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். ரயில் பாதை வேலையில் தண்டவாளம் சரிந்து இடுப்பில் விழுந்து படுத்தவன் அவன். முப்பத்தொன்றாம் வருஷத்து வேலைப்பஞ்சத்தில் அந்த வேலையும் போனது. கடல் தாண்டி வந்த கூலிக்காரர்களின் பிரிக்ஃபீல்ட்ஸ் லயத்தில், அந்த வரிசை வீடுகளில், பாதி காலி. ஊருக்குத் திரும்புகிறவர்களுக்குக் கப்பல் இலவசம் என்றார்கள். தன்னையும் தூக்கிப்போய் ஏற்றச் சொன்னான் அவன். அவனுக்கு ஊரில் யாருமில்லை. சாகத்தான் போகப் பார்க்கிறான் என்று அவளுக்குத் தெரியும்.

மறுநாள் விடியலில் அவன் கையை எடுத்துத் தன் தோளில் போட்டுக்கொண்டாள். "எந்திரிங்க. கப்பலுக்கு நேரமாச்சு."

கோபத்தில்தான் எழுந்தான். வாசல்வரை வந்து விழுந்தான். அவளும் சேர்ந்து விழுந்தாள். பக்கத்து வீட்டு ரமணி ஓடிவந்து இருவரையும் தூக்கினாள். அடுத்த விடியலிலும் அதே தோள், அதே சொல். மழையென்றால் வீட்டுக்குள்ளேயே நடை. சில நாள் நேற்று எட்டிய குழாயடியை இன்று எட்டமாட்டான். அன்றெல்லாம் சட்டைப் பொத்தான் தெறிக்கும்படி துணியை அடித்துத் துவைப்பாள். விடிந்தால் குரலில் அந்த ஆத்திரம் தெரியாது.

பின்னாளில் வயிறாரச் சாப்பிடுகிற காலம் வந்த பிறகும் அந்த விடியல்களுக்காகத்தான் அவள் ஏங்கினாள். லயத்து முனையில் காதர் நானா காப்பிக்கடையின் கரியடுப்புப் புகை, காப்பி வறுபடும் வாசனை, தோளில் கனக்கும் அவன் கை. "கப்பல் எதுவரைக்கும் வந்திருக்கு தம்பி?" என்று நானா ஒருநாள் கேட்டார். விழுந்த நாளிலிருந்து சிரிக்காத மனிதன் அன்றைக்குச் சிரித்துவிட்டான்.

சித்திரையில் ரமணி குடும்பமும் ஊருக்குக் கிளம்பியது. வழியனுப்ப, சீதாலெட்சுமியின் தோளைப் பிடித்தபடி ரயிலடிவரை சபாபதி நடந்தே வந்தான். துறைமுகத்துக்குப் போகும் வண்டி. எல்லாரும் தெரிந்த முகங்கள்.

"அண்ணே, அதான் நடந்து வந்துட்டீங்களே! ஏறுங்க," என்றாள் ரமணி சன்னலிலிருந்து.

சீதாலெட்சுமி கொடுத்த வாக்கு. அவன் ஏறினால் அவளும் ஏறியாக வேண்டும்.

அவன் வண்டியை நெடுநேரம் பார்த்தான். "நடை இன்னும் சரியா வரல தங்கச்சி. நாளைக்கும் நடந்து பாக்கணும்."

வண்டி நகர்ந்தது. கூட்டம் அழுது முடித்துக் கலைந்தபோது தன் தோள் லேசாக இருப்பதை அவள் உணர்ந்தாள். அவன் முன்னால், பாதையோரப் புல்லை மிதித்துக்கொண்டு, சாய்ந்து சாய்ந்து போய்க்கொண்டிருந்தான். வியர்வையில் ஒட்டிய சட்டையோடு அவன் முதுகு தெரிந்தது. அது தனக்கு முன்னால் நடந்து போய்ப் பார்த்து எத்தனை காலமாயிற்று என்று நினைத்தவள், எட்டிப் பிடிக்காமல் மெதுவாகவே பின்னால் நடந்தாள்.