தொப்பியில் விழாத கூடுகள்

எட்டு முறை சுட்டால் எட்டுக் காலித் தோட்டாக் கூடும் ஆர்லீனின் வைக்கோல் தொப்பிக்குள் விழ வேண்டும். ஒன்றுகூட விழவில்லை.

ஓரின் டிவெய்ட் புல்லில் குப்புறப் படுத்தபடியே தலையைத் திருப்பிப் பார்த்தார். வலது கைப்பக்கம், தோளுக்குச் சற்று முன்னால், நீல நாடா கட்டிய தொப்பி வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது. உள்ளே ஒரு வெட்டுக்கிளி மட்டும் உட்கார்ந்திருந்தது. பித்தளைக் கூடுகளோ அதைத் தாண்டி இருபதடி தூரத்தில், காய்ந்த புல்லுக்குள் மூலைக்கொன்றாகச் சிதறிக் கிடந்தன.

"என்னடா இது, உன் கூடெல்லாம் நார்த் டக்கோட்டா மாநிலத்துக்கே போய்ச் சேர்ந்துடும் போலிருக்கு!" என்றான் பின்னாலிருந்து டுவெய்ன். துப்பாக்கி கிளப்பில் குண்டின் வேகத்தை அளக்கும் கருவி அவன் பொறுப்பு. "தொப்பியக் கொஞ்சம் தள்ளி வையேன்."

"தொப்பி எப்பவும் இங்கதான் இருக்கும்."

"அப்ப துப்பாக்கிக்கு அதச் சொல்லு."

அது அவர் மனைவி ஆர்லீனின் அப்பாவுடைய துப்பாக்கி. ராணுவத்தில் ஒரு காலத்தில் எல்லோர் கையிலும் இருந்த பழைய எம்-ஒன். ஒவ்வொரு குண்டு சுட்டதும் தானாகவே பின்வாங்கி, காலிக் கூட்டை வெளியே எறிந்து, அடுத்ததை உள்ளே ஏற்றிக்கொள்ளும். எட்டாவது முடிந்ததும் 'ணங்' என்று, எட்டையும் சேர்த்துப் பிடித்திருந்த இரும்பு கிளிப்பைத் துப்பிவிடும். ஓரின் சுடுவார், ஆர்லீன் பின்னால் உட்கார்ந்து தூரநோக்கியில் இலக்கைப் பார்ப்பாள். சுடத் தொடங்குமுன் தொப்பியைக் கழற்றி, கண்ணால் ஒருமுறை அளந்து புல்லில் வைப்பாள். கூடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அதில் விழும். கோழிமுட்டை பொறுக்கி வருகிறவள்போல அதை ஏந்திக்கொண்டு வீட்டுக்கு வருவாள். முப்பத்தொரு வருடம் அப்படித்தான்.

அந்தக் கூடுகளில் மறுபடி வெடிமருந்து நிரப்புவதும் அவள்தான். ஓரின் கவுண்டி நிர்வாகத்தில் ரோடு சமன்படுத்தும் வண்டி ஓட்டுகிறவர். எந்த மருந்து, எவ்வளவு, ஏன் என்று ஒருநாளும் கேட்டதில்லை. நிலவறையிலிருந்து பெட்டி பெட்டியாகத் தோட்டா மேலே வரும். அவர் சுடுவார்.

பிப்ரவரியில் ஸ்போக்கேன் நகரில் அவளுடைய அக்கா டோரிஸ் பனியில் வழுக்கி விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டாள். ஆறு வாரம் பார்த்துக்கொண்டுவிட்டு வருகிறேன் என்று ஆர்லீன் கிளம்பினாள். பெட்டியோடு சமையலறையில் தேவைக்கு மேல் கொஞ்ச நேரம் நின்றாள். ஓரின் வெளியே போய் அவள் காரில் எண்ணெய் பார்த்தார், டயருக்குக் காற்று பார்த்தார், கண்ணாடி கழுவும் நீரை நிரப்பினார். அவள் போனாள். இப்போது அக்டோபர்.

ஏப்ரலில்தான் அவர் அதைக் கவனித்தார். நிலவறை அலமாரியில் மருந்து நிரப்பும் குறிப்பெல்லாம் எழுதி வைத்திருக்கும் பச்சை நோட்டைக் காணோம். அது இருந்த இடத்தில் தூசி படியாத ஒரு நீள்சதுரம். ஆறு வாரத்தில் திரும்பி வருகிறவள் அந்த நோட்டை எதற்கு எடுத்துப்போக வேண்டும்? அந்தச் சதுரம் அவர் நெஞ்சில் ஏறி உட்கார்ந்துகொண்டது. ஞாயிறுதோறும் ஐந்து மணிக்குப் போனில் பேசினார்கள். நாய், மழை, கொதிகலன். நோட்டைப் பற்றி அவர் கேட்கவில்லை. எப்போது வருவாய் என்றும் கேட்கவில்லை.

அவள் நிரப்பி வைத்துப்போன தோட்டாக்கள் செப்டம்பரில் தீர்ந்தன. மருந்து டப்பாவும் காலியாக, லேபிள் இல்லாமல் கிடந்தது. டப்பா காலியானதுமே லேபிளைக் கிழித்துவிடுவது அவள் வழக்கம். இல்லாவிட்டால் யாராவது வேறொன்றைப் போட்டுவைத்து உயிரை விடுவார்கள். ஆகவே என்ன மருந்து என்று தெரிந்துகொள்ள வழியில்லை. ஓரின் கடைக்குப் போனார். "எந்தத் தோட்டாவுக்கு?" என்று கேட்ட பையனிடம் தோட்டாவின் பெயரைச் சொன்னார். மான் வேட்டைக்காரர்கள் எல்லோரும் இதைத்தான் வாங்குகிறார்கள் என்று அவன் ஒரு டப்பாவை எடுத்துக் கொடுத்தான். வீட்டுக்கு வந்து, ஆர்லீனின் விதிப்படி மேசையில் அந்த ஒரு டப்பாவை மட்டும் வைத்துக்கொண்டு, மருந்து நிரப்பும் கையேட்டைத் திறந்து, அந்தத் தோட்டாவுக்கான பக்கத்தில் சொன்ன குறைந்த அளவிலிருந்து தொடங்கி, தராசில் ஒவ்வொன்றாக நிறுத்துப் போட்டார். தப்பு எதுவும் செய்யவில்லை.

புதிர் அங்கேதான் இருந்தது. கூடு அதே கூடு. குண்டு அதே எடை. கூட்டின் அடியில் தீமூட்டும் பிரைமரும் அதே பிரைமர். டுவெய்னின் கருவியில் வேகம்கூட ஆர்லீனின் தோட்டாக்கள் போன அதே வேகம். அதே தோட்டாவைத் தன்னுடைய மான் வேட்டைத் துப்பாக்கியில் போட்டுப் பார்த்தார். ஒவ்வொரு முறையும் கையால் இழுத்துச் சுடுகிற அது வெண்ணெய்போலச் சுட்டது. எம்-ஒன்னில் போட்டால் மட்டும் உள்ளே யாரோ சம்மட்டியால் அடிக்கிற சத்தம், கூடு இருபதடிக்கு அப்பால். சுருள்வில்லை மாற்றினார். துப்பாக்கியைத் தானாக இயங்கவைக்கும் நீளத் தண்டுக்குக் கிரீஸ் தடவினார். எல்லாவற்றையும் கழற்றித் துடைத்தார். பலன் இல்லை.

"ஆர்லீன்கிட்ட கேளேன்," என்றான் டுவெய்ன்.

"அவ அக்காவப் பாத்துக்கிட்டிருக்கா."

"ஏன், ஸ்போக்கேன்ல இன்னும் போன் வரலியா?"

செவ்வாய்க்கிழமை மதியம், டின்னிலிருந்த பீன்ஸைச் சூடாக்காமலே நின்றபடி தின்று முடித்துவிட்டு, ஓரின் எண்களைச் சுழற்றினார்.

"செவ்வாக்கிழமை பேசுற," என்றாள் ஆர்லீன். "யாரு செத்தது?"

"யாரும் சாகல. ஒண்ணு கேக்கணும்."

மறுமுனையில் ஏதோ நாற்காலி இழுபடும் சத்தம். "நீயா கேக்கப்போற? கேளு."

சொன்னார். அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள். பிறகு ஒரே கேள்வி: "கூடு எவ்வளவு தூரத்துல விழுது?"

"இருபதடி. தொப்பியத் தாண்டி."

"எந்தத் தொப்பி?"

"உன் தொப்பிதான். நீ வைக்கிற எடத்துலதான் வச்சேன்."

அவள் குரல் சட்டென்று வேலை நேரத்துக் குரலாக மாறியது. "ஓரின், இனிமே ஒரு தோட்டாகூடச் சுடாத. அப்பாவோட துப்பாக்கியில அந்தத் தண்டு வளைஞ்சிடும். சரி, இதக் கேளு. உன் பிக்கப் சேத்துல மாட்டிக்கிச்சுன்னு வை. ஒருத்தன் தொடக்கத்துல நல்லா ஒரு தள்ளு தள்ளிட்டு, வண்டி உருள ஆரம்பிச்சதும் கையெடுத்துடுறான். இன்னொருத்தன் மெதுவா ஆரம்பிச்சு, கராஜ் வரைக்கும் விடாம தள்ளிக்கிட்டே வர்றான். ரெண்டு பேர் தள்ளினாலும் வண்டி ஒரே வேகத்துலதான் வந்து சேருது. கராஜ் கதவ யாரு உடைப்பா?"

"ரெண்டாவது ஆளு."

"அவன்தான் நீ வாங்கின மருந்து. மெதுவா எரியுறது. அப்பாவோட துப்பாக்கிக் குழல்ல முனைக்குக் கிட்ட, அடியில ஒரு சின்ன ஓட்டை இருக்கு. குண்டு அதத் தாண்டினதும் பின்னாடி வர்ற வாயு அதுல புகுந்து தண்டைப் பின்னுக்குத் தள்ளும். அதனாலதான் அது தானா இயங்குது. மெதுவா எரியுற மருந்துன்னா, குண்டு அந்த ஓட்டைக்கிட்ட வர்றப்பவும் அழுத்தம் குறையாம நிக்கும். தண்டுக்கு உதை விழும். உன் மான் துப்பாக்கியில ஓட்டையும் இல்ல, தண்டும் இல்ல. அதுக்கு என்ன கவலை?"

"ஆனா வேகம் ஒண்ணாத்தானே இருக்கு?"

"வேகத்த அளக்குறது குழலுக்கு வெளிய. சண்ட உள்ள நடக்குது."

ஓரின் போன் கம்பியை விரலில் சுற்றினார். "அப்ப இருக்கிறதுலயே வேகமா எரியுறத வாங்கினா?"

"இது ரெண்டாவது கேள்வி," என்றாள். சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. "கூடாது. அது எல்லாத்தையும் தொடக்கத்துலயே கொட்டிடும், தோட்டா இருக்கிற அறையிலயே அழுத்தம் எகிறிடும். நடுவுல இருக்கறதுதான் வேணும். கையேட்டுல இன்னும் நாலஞ்சு பக்கம் தள்ளிப் பாத்தியா? இந்தத் துப்பாக்கிக்குன்னே தனியா ஒரு பக்கம் இருக்கும்."

பார்க்கவில்லை. தோட்டாவின் பெயரைப் பார்த்ததும் அங்கேயே நின்றுவிட்டார்.

"நான் எந்த மருந்து போட்டேன்னு நோட்டுல இருக்கு, எடுத்துட்டு வரேன்."

"ஆர்லீன்." விரலில் சுற்றிய கம்பியை அவிழ்த்தார். "நோட்ட ஏன் எடுத்துட்டுப் போன?"

ஸ்போக்கேனில் ஒரு கெட்டில் ஊதத் தொடங்கி, யாரோ அதை இறக்கிவைத்தார்கள்.

"செப்டம்பர்ல தோட்டா தீந்துடும்னு தெரியும்," என்றாள். "அப்ப நீ எதையாவது கேட்டுத்தானே ஆகணும்."

ஓரின் சமையலறை ஜன்னல் வழியே அவள் கார் நிற்கும் இடத்தைப் பார்த்தார். அங்கே எண்ணெய்க் கறைகூட மழையில் வெளுத்துவிட்டிருந்தது.

"எப்ப வருவ?" என்று கேட்டார்.

"இதக் கேக்க எட்டு மாசமா, மனுஷா?"

"நாலாவது கேள்வி இது," என்றார் ஓரின்.

இந்தமுறை சிரிப்பது கேட்டது. பிறகு அதுவும் அடங்கியது. "டோரிஸ் இப்பதான் கம்பியப் பிடிச்சுக்கிட்டு மாடி ஏறுறா. நான் இன்னும் எதையும் முடிவு பண்ணல, ஓரின். அடுத்த செவ்வாக்கிழமையும் கூப்பிடு. அப்பவும் கேளு."

"பதில் சொல்லுவியா?"

"மொதல்ல தொப்பியில எத்தன விழுந்துச்சுன்னு நீ சொல்லு."

அன்று சாயங்காலமே, போனை வைக்குமுன் அவள் சொல்லிக்கொடுத்தபடி சுருள்வில்லை எடுத்துவிட்டு, துப்பாக்கியைச் சாய்த்துப் பார்த்தார். வளைந்த தண்டாக இருந்தால் பாதியில் சிக்கி நிற்கும். தண்டு எங்கும் உரசாமல் தன் கனத்திலேயே வழுக்கிக்கொண்டு வந்தது. ஓரின் நிலவறைப் படியில் உட்கார்ந்து, சுருள்வில்லைத் திரும்ப மாட்டினார்.

மறுநாள் கடையில், "எந்தத் தோட்டாவுக்கு?" என்று பையன் கேட்டபோது, "அதக் கேக்காத, எந்தத் துப்பாக்கிக்குன்னு கேளு," என்றார். ஆர்லீன் நோட்டைப் பார்த்துச் சொல்லியிருந்த மருந்தையே வாங்கினார். கையேட்டில் ஆறு பக்கம் தள்ளி அந்தத் தனிப்பக்கம் இருந்தது. அதில் சொன்ன குறைந்த அளவிலிருந்து தொடங்கி எட்டுத் தோட்டா நிரப்பினார். மெதுவான மருந்து போட்டு மிச்சமிருந்த தோட்டாக்களை எம்-ஒன் பக்கமே வராதபடி மான் துப்பாக்கிப் பெட்டியில் போட்டுப் பூட்டினார்.

சனிக்கிழமை காற்று இல்லை. தொப்பியை வைத்தார், கண்ணால் அளந்தார், படுத்தார். பின்னால், தூரநோக்கியை ஒட்டி ஆர்லீன் உட்காரும் மடக்கு நாற்காலி காலியாக இருந்தது. டுவெய்ன் அதில் உட்காரப் போனபோது, "அதுல வேணாம்," என்றார். டுவெய்ன் புல்லில் உட்கார்ந்தான்.

சம்மட்டிச் சத்தம் இல்லை. எட்டு முறை சுட்டார், கிளிப் 'ணங்' என்று துள்ளியது. தொப்பிக்குள் ஆறு கூடுகள் சூடாகக் கிடந்தன. மற்ற இரண்டும் விளிம்பில் பட்டுத் தெறித்து, கை நீட்டினால் எட்டும் தூரத்தில். செவ்வாய்க்கிழமை சொல்ல வேண்டிய எண் கிடைத்துவிட்டது.

அன்று இரண்டு மருந்து டப்பாக்களிலும் துண்டுக் காகிதம் ஒட்டி, தன் கோணல் கையெழுத்தில் எழுதிவைத்தார். ஒன்றில்: மெதுவாக எரிவது, மான் துப்பாக்கிக்கு மட்டும். மற்றதில்: நடுத்தர வேகத்தில் எரிவது, ஆர்லீன் அப்பாவின் துப்பாக்கிக்கு இதுதான், அளவு அதற்கான தனிப்பக்கத்தில்.