மதிலுக்குக் கால் முளைத்த ஞாயிறு

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்ததற்குக் காரணம், நான் முதல் ஆளாகத் தோற்றதுதான். நாலு பேர் ஆடும் ஆட்டத்தில் முதலில் அவுட்டாகிறவனுக்கு வேடிக்கை பார்ப்பதைத் தவிர வேறு வேலை கிடையாது. அவன் எழுதுகிறவனாகவும் இருந்துவிட்டால் மற்ற மூவர் பாடு திண்டாட்டம்.

‘மாயக் கோட்டையின் வாசலில் இருள் கவிந்தபோது, படைகள்...’

வேண்டாம். நடந்தது என் ஜெராக்ஸ் கடையின் பின்னறையில், காகிதப் பெட்டிகளுக்கு நடுவே, ஞாயிறு மதியம், ட்யூப்லைட் வெளிச்சத்தில்.

2

ஆட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். அவரவர் சீட்டுக்கட்டை அவரவரே சேர்த்துக்கொண்டு வர வேண்டும். ஆளுக்கு இருபது உயிர். உயிர் தீர்ந்தவர் வெளியே. கடைசியில் மிஞ்சுகிறவர் ஜெயித்தவர்.

என்னுடையது டிராகன் கட்டு. பார்க்க அழகு. ஆனால் ஒரு டிராகனை இறக்குவதற்குள் எனக்கே வயசாகிவிடும். கணக்கு வாத்தியாருடையது குட்டிச்சாத்தான் கட்டு: மலிவு, வேகம், வந்ததும் கடி. அவன் தங்கை மாட்டு டாக்டர். அவள் கட்டில் செத்தவர்கள் எழுந்து வருவார்கள். (‘ஆஸ்பத்திரியில நடக்காதது இங்கயாச்சும் நடக்கட்டும்’ என்பாள்.)

நாலாவது ஆள், வாத்தியாரின் மனைவி. லிஃப்ட் மெக்கானிக். அவளுடையது மதில் கட்டு. மதில்கள் அடிக்காது, தடுக்கும். யாருக்கு முன்னால் வேண்டுமானாலும் அவற்றை நிறுத்தலாம். இரண்டு வருடமாக அவை வாத்தியாருக்கு முன்னால்தான் நின்றன. வாத்தியார் ஜெயிப்பான், அவள் இரண்டாவதாக வருவாள்.

(முதல் பிரதியில் வாத்தியாரை ‘அவர்’ என்றும் இவளை ‘அவள்’ என்றும் எழுதியிருந்தேன். படித்துவிட்டு, “ஒரே டேபிள்லதானே உக்காந்திருக்கோம்?” என்றாள். வாத்தியார் ‘அவன்’ ஆனது அப்படித்தான்.)

3

அன்றும் குட்டிச்சாத்தான்கள் என்னைச் சீக்கிரமே தின்று தீர்த்தன. மேஜையில் மூன்று பேர். வாத்தியாரிடம் ஏழு உயிர். தங்கையின் பிணங்கள் வரிசைகட்டி நின்றன.

“அண்ணா, இந்தத் தடவை நீ காலி” என்றாள் தங்கை.

“உன் அண்ணி இருக்கறப்போ எனக்கென்ன? அவ எப்பவும் என் பக்கம்தான்.”

“அதை அண்ணி சொல்லட்டுமே. அவங்களுக்கு வாய் இல்லையா?”

வாத்தியார் சிரித்துக்கொண்டே கையை நீட்டி, மனைவியின் முன்னால் இருந்த பெரிய மதிலை எடுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டான். கேட்கவில்லை. அவள் முகத்தைப் பார்க்கவும் இல்லை. உப்பை எடுத்துக்கொள்வதுபோல எடுத்துக்கொண்டான்.

‘அவள் கண்களில் தீப்பொறி...’ (இல்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள், அவ்வளவுதான்.)

“அது என் கார்டு” என்றாள்.

“தெரியும்மா. எப்படியும் இங்கதானே வைக்கப்போறே?”

அவள் மதிலைத் திரும்ப எடுத்துத் தன் முன் வைத்தாள். பிறகு கையிலிருந்து ஒரு சீட்டை இறக்கினாள். அதைப் படிக்க, நான் உட்கார்ந்திருந்த காகிதப் பெட்டியிலிருந்து எழுந்தே நின்றுவிட்டேன். ‘இந்த முறை மட்டும் மதில்கள் நடக்கும்.’

“யாரை அடிக்கிறே?” என்றான் வாத்தியார், பதில் தெரிந்த குரலில்.

“உங்களைத்தான்.”

அடிக்கப் போன மதில் அடுத்த முறைவரை காவலுக்கு ஆகாது. அதாவது, கணவனை அடித்தால் தங்கைக்கு முன்னால் தானும் வெட்டவெளியில் நிற்க வேண்டும். அது அவளுக்கு நன்றாகவே தெரியும். சும்மா இருந்தாலே வழக்கம்போல இரண்டாவது இடம் உறுதி. ஆனாலும் எல்லா மதில்களையும் நடத்தினாள், ஒன்றைக்கூட மிச்சம் வைக்காமல்.

வாத்தியார் அவுட்.

“மன்னிச்சுக்கோங்க அண்ணி” என்று பிணங்களை நகர்த்தினாள் தங்கை.

“மன்னிப்பெல்லாம் எதுக்கு? நல்லா அடி!” என்றாள் இவள். அவள் அப்படி வயிறு குலுங்கச் சிரித்து நான் பார்த்ததில்லை. தோற்றது அவள். இடமும் அதே இரண்டாவதுதான். ஆனால் எங்கள் மேஜையில் அன்றைக்குத்தான் அவள் ஆடினாள்.

வாத்தியார் என் பக்கத்துப் பெட்டியில் வந்து உட்கார்ந்தான். “இந்தக் கார்டை எப்ப சேர்த்தே?”

“ஒரு மாசமாச்சு. கையில வச்சுக்கிட்டேதான் உங்களைக் காப்பாத்திட்டிருந்தேன்.”

கணக்கு வாத்தியார் ஒரு மாதத்துக் கணக்கைப் போட்டுப் பார்ப்பது தெரிந்தது.

4

முடிவுக்கு மூன்று பேர் மூன்று யோசனை சொன்னார்கள். “நான் கைகுலுக்கிட்டுச் சிரிச்சேன்னு எழுதுங்க” என்றான் வாத்தியார். “வீடு போய்ச் சேர்ற வரைக்கும் மூஞ்சியைத் தூக்கி வச்சிருந்தார், அதை எழுதுங்க” என்றாள் அவள். தங்கைக்குக் கதை தான் ஜெயித்த இடத்தோடு முடிந்தால் போதும்.

எனக்குத் தெரிந்தது அடுத்த ஞாயிறு மட்டும். இருவரும் சேர்ந்தே வந்தார்கள். வாத்தியார் தன் நாற்காலியில் உட்கார்ந்தான். பக்கத்து நாற்காலியை அவளுக்காக இழுக்கப் போனவன், கையை எடுத்துக்கொண்டான்.

“நீ எங்க உக்கார்றே?” என்று கேட்டான்.

அவன் பக்கத்தில் ஒரு நாற்காலி காலி. எதிரில் ஒன்று காலி. அவள் கட்டைக் கலைத்துக்கொண்டே இரண்டையும் பார்த்தாள். முகத்தில் சிரிப்பு.

வாத்தியாரின் நாற்காலியை இந்தக் கதையில் நான் போட்டுவிட்டேன். அவளுடையதை நான் போடுவதாக இல்லை. நீங்களும் அவசரப்பட்டுப் போட்டுவிடாதீர்கள். முதலில் அவளைக் கேளுங்கள்.