சின்ன வட்டம் எந்தப் பக்கம்

1

இந்தக் கதை பொறாமையில் பிறந்தது. உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். என் அத்தான், அதாவது என் அக்காவின் கணவர், தன் மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் ஒரே ஒரு விளையாட்டைப் பற்றிய புத்தகங்களாகச் சேர்த்து வைத்திருக்கிறார். அலமாரிகள் கூரையைத் தொடுகின்றன. நான் எழுதியது ஒன்றுகூட அங்கே இல்லை. ஏன் என்று கேட்டதற்கு, "உன் கதைல பந்து உருளலையே மாப்ள," என்றார்.

விளையாட்டின் பெயர் லான் பவுல்ஸ். ஒட்ட வெட்டிய புல்தரையில் முதலில் ஒரு சின்ன வெள்ளைப் பந்தை உருட்டிவிடுவார்கள். பிறகு ஆளாளுக்குப் பெரிய பந்துகளை உருட்டி, அதன் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தப் பார்ப்பார்கள். அவ்வளவுதான். விதிமுறை, வரலாறு, புல் பராமரிப்பு என்று இதைப் பற்றி எது அச்சானாலும் அத்தான் வாங்குவார். கதைப்புத்தகத்துக்கு மட்டும் ஒரு சட்டம் வைத்திருக்கிறார்: அதில் ஒரு பந்தாவது புல்லில் உருண்டிருக்க வேண்டும். கதாநாயகி ஜன்னலோரம் நின்று ஆட்டத்தைப் பார்த்துப் பெருமூச்சு விட்டதெல்லாம் கணக்கில் வராது.

சரி, நாமும் ஒரு பந்தை உருட்டிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

2

முதல் தொடக்கம்: "மாலை வெயில் புல்தரையின்மேல் பொன்னாக—"

(வேண்டாம். பொன் வந்தால் அக்கா சிரிப்பாள்.)

இரண்டாவது: "அவர் ஒரு தனிமையான மனிதர்." பச்சைப் பொய். கண்ணாடி வாங்க வந்தவர்களை உட்காரவைத்து ஊர்க்கதை பேசி, கடைசியில் கண்ணாடியைக் கொடுக்க மறந்து அனுப்புகிற ஆள் அவர்.

மூன்றாவது: "இத்தனை புத்தகம் சேர்த்தும், அத்தான் ஒரு பந்தைக்கூட உருட்டியதில்லை."

இது நிஜம். இதை வைத்துக்கொள்கிறேன்.

3

அவர் ஒவ்வொரு புத்தகத்துக்கும் ஓர் அட்டை எழுதுவார். தலைப்பு, பதிப்பு, அளவு, கடைசியாகக் குறைகள். குறைகள் எழுதும்போதுதான் அவர் முகத்தில் களை வரும். ஈரக்கறை, பூச்சி அரித்த மூலை, யாரோ ஓரத்தில் போட்ட காதல் கணக்கு, எதையும் விடமாட்டார்.

"உங்களுக்குப் புத்தகம் படிக்கவா, குறை சொல்லவா?" என்பாள் அக்கா.

"ரெண்டும் ஒரே வேலைதானே."

எந்தக் குறையையும் பொறுத்துக்கொள்வார், ஒன்றைத் தவிர. கடைசித் தாள் இல்லாத புத்தகத்தை வந்த வேகத்தில் திருப்பி அனுப்பிவிடுவார். பாதிச் சாப்பாட்டில் எழுந்து போன விருந்தாளி மாதிரி இருக்கிறதாம்.

அவருடைய பெரிய பெருமை ஒரு படத்தில் இருக்கிறது. இந்த ஆட்டத்தின் பந்து முழு உருண்டை கிடையாது. வேகம் குறையக் குறைய ஒரு பக்கமாகச் சாய்ந்து வளையும். எந்தப் பக்கம் வளையும் என்று தெரிய, அந்தப் பக்கத்தில் சின்ன வட்டமும் மறுபக்கத்தில் பெரிய வட்டமும் போட்டிருக்கும். மாற்றிப் பிடித்தால் பந்து பக்கத்து ஆட்டத்துக்குள் புகுந்துவிடும். புதிதாகப் பழகுகிறவர்களுக்கான ஒரு கையேட்டில் இந்தப் படமே இடவலம் மாறி அச்சாகியிருந்ததை அத்தான் கண்டுபிடித்தார். அட்டையில் எழுதினார்: "படம் தலைகீழ்ப் பாடம். பார்ப்பவர் மாற்றிக்கொள்க."*

* இந்தத் தகவல் பின்னால் தேவைப்படும். கெட்டிக்கார எழுத்தாளர் என்றால் நைசாக நுழைத்திருப்பார். எனக்குப் பொறுமை இல்லை.

4

கதைக்கு ஒரு சிக்கல் வேண்டுமே என்று நான் தேடவே இல்லை. அது தானாக வந்தது.

கடையை இப்போது பார்த்துக்கொள்வது அவர்களுடைய மகள். லென்ஸ் வெட்டும் புது இயந்திரம் வருகிறது, அதை வைக்கப் பின்னறையை விட்டால் வேறு இடம் கிடையாது.

"நான் புத்தகத்தத் தூக்கிப் போடச் சொல்லலப்பா. எங்க வைக்கறதுன்னு மட்டும் சொல்லுங்க."

வீட்டில் கட்டிலுக்கு அடியில்கூட ஏற்கெனவே புத்தகம்தான். பழைய புத்தக வியாபாரி வந்து பார்த்தார். "மொத்தமா யாரும் எடுக்க மாட்டாங்க சார். பிரிச்சுதான் தள்ளணும்," என்றார். அன்று அத்தானுக்குச் சோறு இறங்கவில்லை.

வழி சொன்னவள் அக்கா. அவள் வாராவாரம் இந்த ஆட்டம் ஆடுகிறவள். அவளுடைய சங்கத்து அறையில் ஒரு சுவர் முழுக்கக் காலி. சங்கத் தலைவி சலவைக்கடை நடத்துகிற அம்மாள். அவருக்கு மகிழ்ச்சிதான், ஆனால் அங்கே உறுப்பினர் பொருளை மட்டுமே வைக்கலாம், உறுப்பினராக வேண்டுமென்றால் ஓர் ஆட்டம் முழுசாக ஆடியாக வேண்டும்.

"சட்டத்த நான் போடல சார். ஆனா மீறவும் மாட்டேன்."

தானே சட்டம் போட்டு வாழ்கிற மனிதர், மறுக்க வழியில்லாமல் ஆட ஒப்புக்கொண்டார்.

[அவர் ஏன் இதுவரை ஆடவில்லை என்பதற்கு உருக்கமாக ஓர் இளமைச் சோகம் எழுதினேன். பிறகு சந்தேகம் வந்து அவரிடமே கேட்டேன். "இவ்ளோ தெரிஞ்சவன் தப்பா உருட்டினா சிரிப்பாங்கல்ல," என்றார். சோகத்தை அடித்துவிட்டேன்.]

5

ஆட்டத்தன்று காலையில் அத்தான் அந்தக் கையேட்டை எடுத்துப் படத்தைப் பார்த்தார். படம் மாறி அச்சானதுதான் அவருக்கு மனப்பாடமாயிற்றே, அதற்கு எதிராகப் பிடித்துப் பழகிக்கொண்டார்.

எதிர் ஆட்டக்காரி அக்கா. விஷயம் பரவி, மற்ற ஆட்டக்காரர்களும் ஓரமாக வந்து நின்றார்கள். அத்தான் குனிந்தார். கை பின்னே போய் முன்னே வந்தது. பந்து உருண்டது.

(உருண்டது. நீங்கள்தான் சாட்சி.)

ஆரம்பம் அவ்வளவு அழகு. யாரோ "அட" என்றார்கள். வேகம் குறைந்ததும், வெள்ளைப் பந்தின் பக்கம் வளையவேண்டிய பந்து மறுபக்கம் வளைந்து, எல்லையைத் தாண்டி, பக்கத்து ஆட்டத்தில் நின்றிருந்தவரின் காலடிக்கே போயிற்று. அவர் மரியாதையாகக் காலைத் தூக்கி வழிவிட்டார். எல்லோரும் சிரித்தார்கள். அதிகம் சிரித்தது அக்கா.

நடந்தது இதுதான். அந்தக் கையேட்டின் இரண்டு பதிப்பும் அவரிடம் உண்டு; அன்று காலை அவர் எடுத்தது இரண்டாம் பதிப்பு. அதில் படத்தைச் சரிசெய்துவிட்டார்கள். சரிசெய்ததை அட்டையில் எழுதிவைத்தவரும் இவரேதான். திருத்திய படத்தை இவர் இன்னொரு முறை திருத்திவிட்டார். சும்மா படத்தைப் பார்த்து ஆடுகிற எவருக்கும் இந்தத் தப்பு வாய்க்காது.

6

இங்கே எனக்கு மூன்று முடிவுகள் இருந்தன.

ஒன்று: அவர் தலைகுனிந்து வீட்டுக்குப் போகிறார், வியாபாரியின் வண்டி வருகிறது. கிழித்துவிட்டேன்.

இரண்டு: அவர் ஜெயிக்கிறார். அக்கா படித்துவிட்டு, "யார்கிட்ட? என்கிட்டயா?" என்றாள். அதுவும் போயிற்று.

மூன்றாவது, நான் கண்ணால் பார்த்தது. அத்தானின் காது சிவந்துவிட்டது. கிளம்பிவிடுவார் என்றே நினைத்தேன். அவர் ஓடிப்போன பந்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெல்லச் சிரிக்க ஆரம்பித்தார்.

"ரெண்டாம் பதிப்பு," என்றார்.

யாருக்கும் புரியவில்லை. அக்காவுக்குப் புரிந்தது. இத்தனை வருஷமாக அந்த அட்டைகளைச் சாப்பாட்டு மேசையிலிருந்து அகற்றுகிறவள் அவள்தானே. "இன்னும் பந்து இருக்கு, எடுங்க," என்றாள். அவர் இரண்டாவது பந்தை எடுத்து, சின்ன வட்டத்தைத் தேடி, கையில் திருப்பினார். ஒருமுறை, மறுபடியும் ஒருமுறை. எனக்கு அவரை அவ்வளவு பிடித்துப்போயிற்று. அதற்குமேல் எழுத மனம் வராமல் பேனாவை மூடிவிட்டேன்.

7

கதையை அத்தானிடம் கொடுத்தேன். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, ஒரு தாளையும் விடாமல் படித்தார்.

"உருளுது. சேர்த்துக்கலாம் மாப்ள."

விருது கிடைத்தால்கூட நான் இப்படிப் பல்லைக் காட்டியிருக்க மாட்டேன். அவர் கடைசித் தாளைத் திருப்பி, பின்பக்கம் பார்த்தார். மேசைக்கு அடியிலும் குனிந்து பார்த்தார்.

"மிச்சம் எங்க?"

"படிக்கிறவங்ககிட்ட இருக்கு அத்தான்."

தாள்களைத் தட்டி ஒழுங்காக அடுக்கினார். திருப்பிக் கொடுத்துவிடப் போகிறார் என்று கையை நீட்டினேன். பிறகு ஒரு புது அட்டையை எடுத்து, குறைகள் என்ற இடத்தில் நிதானமாக எழுதினார்: "கடைசித் தாள் இல்லை. இருந்தாலும் சேர்த்துக்கொண்டேன்."

அட்டையை உள்ளே வைத்துப் புத்தக வரிசையில் செருகினார். அந்த அலமாரி கடையின் பின்னறையில், வரப்போகிற இயந்திரத்துக்கு வழிவிடக் காத்திருந்ததா, இல்லை, சங்கத்து அறையில், ஜன்னலுக்கு வெளியே பந்தோடு பந்து மோதும் சத்தத்தைக் கேட்டபடி நின்றதா என்று நான் சொல்லப் போவதில்லை. அது கடைசித் தாளில் இருக்கிறது, அந்தத் தாள் இப்போது உங்களிடம்தான் இருக்கிறது.