பதினோராவது சொல்

நர்சம்மாவுக்குக் கோபம் மூக்கு நுனியில். போர்முனை ஆஸ்பத்திரியில் ஒரு வருஷம் உழைத்து, காலில் குண்டுச் சிதறல் பட்டுத் திரும்பியவள், இப்போது வீடு வீடாகப் போய்க் கட்டுப் போடுகிறாள். அன்றைக்குப் பெரிய வீட்டு மூத்தவருக்கு முதுகில் கட்டி. மனிதர் குப்புறப் படுத்து முனகிக்கொண்டிருந்தார்.

வாசலில் ஒரு ட்ரங்குப் பெட்டி. பக்கத்தில் அவருடைய தம்பி மனைவி. புருஷனைப் போரில் பறிகொடுத்து மூன்று மாதம்தான். இன்றைக்கே வீட்டைக் காலி செய்ய வேண்டுமாம்! அதற்குத்தான் வக்கீல் வந்திருந்தார்.

"தம்பியே எழுதிட்டான், நான் என்ன பண்றது? படிங்க சார்," என்றார் மூத்தவர், தலையணைக்குள்ளிருந்து.

வக்கீல் கடிதத்தை முழுவதும் படித்தார்: "அண்ணா, நான் பிழைக்க மாட்டேன். வீட்டில் என் பங்கை என் மனைவிக்குக் கொடுக்கவும் வேண்டாம்."

நர்சம்மாவின் கை அப்படியே நின்றது. இரண்டு கையும் கட்டுக்குள் இருந்த ஒரு சிப்பாய் சொல்லச் சொல்ல அவள் எழுதிய கடிதம் அது. எட்டிப் பார்த்தாள். அவளுடைய கோழிக்கிறுக்கலேதான். அடப்பாவி!

"இது நான் எழுதின கடுதாசி. கீழ் மூலையில என்ன போட்டிருக்கு, பாருங்க."

"சொ. 10," என்றார் வக்கீல்.

"அது ஏதோ பட்டாளத்து நம்பர்!" மூத்தவர் அவசரப்பட்டார்.

"மண்ணாங்கட்டி! சொல் பத்துன்னு அர்த்தம். தணிக்கைக்காரங்க எதையாவது அடிச்சா வீட்டுக்குத் தெரியணுமில்ல? அதுக்காக ஒவ்வொரு கடுதாசியிலயும் எண்ணிப் போடுவேன். நீ எண்ணும்மா."

தம்பி மனைவி ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு விரலை மடக்கினாள். 'கொடுக்கவும்' வந்தபோது பத்து விரலும் மடங்கிவிட்டன. 'வேண்டாம்' என்பதற்கு விரல் இல்லை.

வக்கீல் தாளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். கடைசிச் சொல்லின் மை மட்டும் வேறு நீலம். மூத்தவர் எழுந்திருக்கப் பார்த்தார்.

"படுங்க ஐயா. கட்டு இன்னும் முடியல," என்று தோளை அழுத்தினாள் நர்சம்மா. அந்த அழுத்தத்தில் கொஞ்சம் கூடுதல் பலம் இருந்தது. அதற்காக அவள் வருத்தப்படவில்லை.

"என்னை வேண்டாம்னுட்டாரேன்னு மூணு மாசமா செத்துக்கிட்டிருந்தேன்க்கா," என்றாள் தம்பி மனைவி. அழுகையும் சிரிப்பும் ஒன்றாகப் பொங்கின. "அவர் அப்படிச் சொல்லவே இல்ல! சொல்லவே இல்ல!"

ட்ரங்குப் பெட்டியை யார் உதவியும் இல்லாமல் தூக்கிக்கொண்டு தன் அறைக்குள் போனாள்.